கழிபொருளிற் கைத்தொழில்: பழைய ரயரும் பிளாஸ்ரிக்கும்

1876 ஆம் ஆண்டிலே என்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர், பிறேசில் நாட்டின் அமேசன் காட்டிலிருந்து இறப்பர் வித்துக்களை இலண்டனிலுள்ள கியூ பூங்காவுக்குக் கொண்டு சென்றார். அங்கு முளைத்த நாற்றுக்களுட் பெரும்பாலானவை அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பகாவுக்கு அண்மையிலுள்ள எனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. அவ்வாறு வித்தாக வந்த பொருள் நாட்டின் பெருஞ் செல்வங்களுள் ஒன்றாயிற்று. இன்று திண்ம ரயர்களை உலகச் சந்தைக்கு அனுப்பும் முன்னணி நாடுகளுள் இலங்கையும் ஒன்று. ரயர் எவ்வாறு பிறக்கின்றது என்பதை நம்மவர் பலரும் அறிவர். தேய்ந்தபின் அது எங்கே போகின்றது என்பதைச் சிந்திப்போர் சிலரே.

அது பெரும்பாலும் வீட்டுக் கோடியிலோ வெறுங்காணியிலோ கிடக்கின்றது. அதன் வளைந்த உட்புறத்திலே தேங்கும் மழைநீர் எளிதில் வெளியேறுவதில்லை. டெங்கு நோயைப் பரப்பும் நுளம்பு அந்நீரின் விளிம்பிலே முட்டையிடுகின்றது. நீர் வற்றினும் அம்முட்டைகள் பல மாதம் உயிரோடிருந்து அடுத்த மழையிற் பொரிக்கும். ஆசியாவிலிருந்து சென்ற பழைய ரயர்களோடுதான் இந்நுளம்பினத்துள் ஒன்று அமெரிக்காவின் கூசுற்றன் நகரை அடைந்து, 1985 ஆம் ஆண்டில் அங்கே நிலைபெற்றதாகக் கண்டறியப்பட்டது. 2017 ஆம் ஆண்டில் இலங்கையிலே 186,000 பேருக்கு மேற்பட்டோர் டெங்குவினாற் பீடிக்கப்பட்டனர். அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு நாளன்று கொழும்பு மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து பலர் உயிரிழந்தனர். ஆகவே, கழிபொருளைக் கைத்தொழிலாக்கும் வினா வருவாய் பற்றிய வினா மட்டுமன்று. உயிர் பற்றிய வினாவுமாகும்.

இத்தொழிலிற் புக விரும்புவோன் முதற்கண் அறியவேண்டுவது அப்பொருள்களின் இயல்பையே. இயற்கை இறப்பர் வெயிலில் இளகும், குளிரில் வெடிக்கும். 1839 ஆம் ஆண்டில் சாள்ஸ் குட்இயர் என்பவர் அதனைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அக்குறை நீங்குதலைக் கண்டார். இதுவே வல்கனைசுப்படுத்தல் எனப்படும். நீண்ட இறப்பர் மூலக்கூறுகளைக் கந்தகம் குறுக்கே பிணைத்து ஒரு வலையாக்கிவிடுகின்றது. ரயரின் உறுதிக்குக் காரணமான இப்பிணைப்பே அதன் மீட்சிக்குத் தடையுமாகின்றது. மெழுகை உருக்கி மீண்டும் வார்ப்பதுபோல ரயரை உருக்கி வார்த்தல் இயலாது. அன்றியும், ரயரில் இறப்பர் ஏறக்குறைய அரைப்பங்கேயாம். எஞ்சியவை காபன் கரி, உருக்குக் கம்பி, நூலிழை முதலியன.

பிளாஸ்ரிக்கின் நிலை வேறு. அது இருவகைப்படும். வெப்பமிறுக்கும் பிளாஸ்ரிக்கு ரயரைப் போன்று மீண்டும் உருகாது. வெப்பமிளக்கும் பிளாஸ்ரிக்கு சூட்டில் இளகி, ஆறியபின் இறுகும், மீண்டும் இளகும். பொலித்தீன், பொலிப்புரொப்பிலீன், நீர்ப்போத்தல்களுக்குரிய பெற், குழாய்களுக்குரிய பீ.வீ.சீ. ஆகியன இரண்டாம் வகையைச் சார்ந்தவை. எனினும் அவை ஒன்றோடொன்று கலவா. பெற் உருகுவதற்கு ஏறக்குறைய 250 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்திலே பீ.வீ.சீ. சிதைந்து ஐதரோகுளோரிக் அமிலத்தை வெளிவிடும். ஆதலின் சிறிதளவு பீ.வீ.சீ. கலந்தாலும் பெருந்தொகைப் பெற் பாழாகும். தரம் பிரித்தல் இத்தொழிலின் உயிர்நாடி என்பது இதனாற் பெறப்படும். பொலித்தீனும் பொலிப்புரொப்பிலீனும் நீரில் மிதக்க, பெற்றும் பீ.வீ.சீ.யும் அமிழும், இவ்வளவை எவரும் ஒரு வாளி நீர் கொண்டு சோதித்தறியலாம். அமிழ்ந்த இரண்டையும் பிரித்தற்கோ பயின்ற கண்ணும் கையும் வேண்டும்.

நிற்க, பழைய ரயரைப் பயன்படுத்தும் வழிகள் நான்கு. முதலாவது, தேய்ந்த ரயருக்குப் புதிய மேற்பட்டை இடுதல். உடற்பகுதி பழுதுறாத பேருந்து, லொறி ரயர்களுக்கு இது மிகவும் ஏற்றது. புதிய ரயர் செய்வதிலும் மிகக் குறைந்த மூலப்பொருளே இதற்குச் செலவாகும். இரண்டாவது, தூளாக்குதல். ரயரைத் துண்டாக்கி, காந்தத்தினாற் கம்பியையும் காற்றினால் நூலிழையையும் பிரித்து, எஞ்சிய இறப்பரை அரைப்பர். அத்தூள் பாய்விரிப்பாகும், தாரோடு கலந்து வீதிக்குமாகும். அமெரிக்காவின் பீனிக்சு நகரிலே சாள்ஸ் மக்டொனால்ட் என்னும் பொறியியலாளர் 1960 களிலே இம்முறையை வளர்த்தார். மூன்றாவது, வெப்பத்தாலும் இரசாயனப் பொருளாலும் கந்தகப் பிணைப்பை அறுத்து இறப்பரை மீட்டல். இங்கு பிணைப்போடு மூலக்கூறும் அறுபடுவதால், மீட்ட இறப்பர் வலிமை குன்றியதாய்ப் புதியதோடு அளவாகக் கலப்பதற்கே உதவும். நான்காவது, எரிபொருளாக்குதல். ரயரின் எரிவெப்பம் நிலக்கரியினதற்குக் குறைந்ததன்று. சீமெந்துச் சூளையின் பெருவெப்பத்திலே அது முற்றாக எரிவதோடு, அதன் இரும்பும் சாம்பலும் சீமெந்திலேயே சேர்ந்துவிடும்.

ஒட்சிசன் இல்லாது சூடாக்கி எண்ணெய் வடிக்கும் முறையும் இந்நான்காம் வழியின் ஒரு கிளையே. ரயரை இட்டு எண்ணெயைப் பெறலாம் எனக் கேட்டதும் பலர் மயங்குவர். அவ்வெண்ணெயிற் கந்தகம் மிகுதி. எஞ்சும் கரியிலே சாம்பல் மிகுதி. கவனக்குறைவாக நடத்தும் உலையினால் ஊரின் காற்று நஞ்சாகும். இந்தியா 2022 ஆம் ஆண்டில் ரயர் ஆக்குவோரையே பழைய ரயரின் மீட்சிக்குப் பொறுப்பாளராக்கிய விதிகளிலே, இவ்வெண்ணெய்க்கெனக் கழிவு ரயர் இறக்குமதி செய்வதையும் தடுத்தது. வேண்டுமென்றே பிறநாட்டுக் கழிவைத் தன் வீட்டுக்கு அழைத்தல் ஆகாதென்பதே அதன் கருத்துப் போலும்.

பிளாஸ்ரிக்கைப் பொறுத்தவரை, மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் இராசகோபாலன் வாசுதேவன் கண்ட வழி குறிப்பிடத்தக்கது. நறுக்கிய கழிவுப் பிளாஸ்ரிக்கைச் சூடான கருங்கல்லின்மீது தூவ, அது உருகிக் கல்லைப் போர்த்துகின்றது. பின்னர் தார் கலந்து வீதி அமைக்கப்படுகின்றது. வேறு பயனற்ற மெல்லிய பைகளும் இதற்குதவும். 2018 ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மசிறீ விருதளித்தது.

இனி வாணிகத்தின் கணக்கை நோக்குவோம். மூலப்பொருள் இலவசம் என்பது முதலாம் மயக்கம். வெற்றுப்போத்தல் ஒன்று 25 கிராம் நிறையுடையதெனக் கொண்டால், 1,000 கிலோகிராம் சேர்க்க 40,000 போத்தல்கள் வேண்டும். அவற்றைப் பொறுக்குதல், மூடி நீக்குதல், கழுவுதல், ஏற்றிச் செல்லுதல் அனைத்தும் செலவே. நசுக்காத போத்தலையும் அறுக்காத ரயரையும் ஏற்றும் லொறி பெரும்பாலும் காற்றையே சுமக்கின்றது! ஆதலாற் சேர்க்குமிடத்திலேயே நசுக்குதலும் அறுத்தலும் இலாபத்தின் முதற்படியாம். விலையும் நம் கையில் இல்லை. கனிய எண்ணெய் மலியும்போது புதிய பிளாஸ்ரிக்கு மலிந்து, மீட்ட பொருளைக் கேட்பாரின்றிப் போகும். 2018 ஆம் ஆண்டு தொடக்கம் சீனா பிறநாட்டுப் பிளாஸ்ரிக்குக் கழிவை ஏற்க மறுத்தமையால், ஏற்றுமதியையே நம்பியிருந்தோர் பெரிதும் இடருற்றனர்.

ரயரை எடுத்துக்கொள்வதற்கே கட்டணம் பெறும் நாடுகளிலே மற்றுமோர் ஆபத்துண்டு. பணம் வாசலிலே கிடைத்துவிடுவதால், பொருளை மாற்றும் செயல் பிற்போடப்படும், குவியல் வளரும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து கேகசுவில் என்னுமிடத்திலே 1990 பெப்பிரவரியில் ஒரு கோடிக்கு மேற்பட்ட ரயர்கள் கொண்ட குவியல் தீப்பற்றி 17 நாள் எரிந்தது. உருகி வழிந்த எண்ணெய் நிலத்திற் கலந்தது. குவித்தல் தொழிலாகாது, கொண்டதை மாற்றி விற்றலே தொழிலாகும்.

மேற்கூறியவற்றால் ஓர் ஒழுங்கு புலப்படும். பொறியை வாங்கியபின் பொருளையும், பொருளைச் சேர்த்தபின் கொள்வோனையும் தேடுதல் பலரின் வழக்கம். அறிவுடையோன் இதனைத் தலைகீழாக்குவான். யார் வாங்குவர், எத்தரத்தில் வாங்குவர் என்பதை முதலில் உறுதிசெய்வான். அத்தரத்தைத் தரும் கழிபொருள் தன்னைச் சூழ எவ்வளவு கிடைக்குமென அளப்பான். ஈற்றிலேயே பொறியை நாடுவான். சிறு முதலுடையோன் எண்ணெய் உலையை நாடாது, ஒரு வகைப் பிளாஸ்ரிக்கைத் தெரிந்து பிரித்துக் கழுவி நறுக்கி விற்பதோடு தொடங்குதல் நன்று. தூசியிலும் புகையிலும் உழைப்போரின் உடல்நலத்தைச் செலவாகக் கணக்கிலெழுதாத தொழில் தன் நட்டத்தைப் பிறர்மேற் சுமத்துகின்றதே யன்றி, இலாபம் ஈட்டுகின்றதன்று.

இரசாயனம் பயிலும் மாணவன் வல்கனைசுப்படுத்தலைப் பரீட்சைக்காக மனனம் செய்கின்றான். வணிகம் பயில்வோன் கேள்வியும் நிரம்பலும் பற்றிப் படிக்கின்றான். இவ்விரு பாடமும் ஒருங்கே வேண்டப்படும் பொருள் அவர்தம் வீட்டுக் கோடியிலே மழைநீர் ஏந்திக் கிடக்கின்றது. அந்நீரை இன்றே ஊற்றிவிட்டு, அந்த ரயரை எவருக்கு எவ்வாறு பயனாக்கலாம் என்று அவர்கள் ஒருங்கிருந்து கணக்கிடுவார்களாயின், அதுவே இத்தொழிலின் தொடக்கமாகும்.