பரணில் கிடக்கும் மடிக்கணினி போதும்

இருங்காட்டுக்கோட்டையில் கார், ஒரகடத்தில் லாரியும் மோட்டார் சைக்கிளும், சுங்குவார்சத்திரத்தில் ஐஃபோன். இந்த வட்டாரத்து ஆலைகளிலிருந்து வெளியேறும் பொருள்களில் மைக்ரோகன்ட்ரோலர் என்ற குட்டிக் கணினிச் சில்லு இல்லாதது அரிது. காரின் கண்ணாடியை ஏற்றி இறக்கக்கூட ஒன்று உள்ளே உட்கார்ந்திருக்கும். 2021-இல் வாகன ஆலைகள் உற்பத்தியைக் குறைக்க நேர்ந்ததும் இந்தச் சின்னக் கறுப்புச் சதுரங்கள் கிடைக்காமல்தான்.

ஆலையில் இவற்றுக்குள் நிரல் ஏற்றுவது நொடிக்கணக்கில் முடிகிற வேலை. சில்லு பதித்த போர்டை ஜிக் என்ற பிடிப்புச் சட்டத்தில் வைத்து மூடினால், ஸ்பிரிங் ஊசிகள் செப்புப் புள்ளிகளைத் தொடும், நிரல் இறங்கிவிடும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று லைனில் நிற்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை. தெரிந்துகொள்ள ஆசையிருந்தால், ஷிஃப்ட் முடிந்து வந்து வீட்டிலேயே செய்து பார்க்கலாம். புதுக் கணினி வாங்க வேண்டாம். 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய இலவச மடிக்கணினி ஒன்று வீட்டில் எங்காவது கிடந்தால், அதுவே தாராளம்.

காரணம் எளிது. நிரலை ஓட்டப்போவது மடிக்கணினி அல்ல, சில்லு. மனிதர் எழுதியதைச் சில்லுக்குப் புரியும் எண்களாக மாற்றி அனுப்புவதோடு கணினியின் பங்கு முடிந்தது. வீட்டில் கற்கத் தோதான போர்டு ஒன்றையே எடுத்துக்கொள்வோம்: இத்தாலியின் இவ்ரேயா நகரில் 2005-இல் பிறந்த ஆர்டுயினோ குடும்பத்தின் ஊனோ போர்டில் இருப்பது ஏடிமெகா328பி என்ற சில்லு. நிரலுக்கு 32 கிலோபைட், தற்காலிக நினைவகம் 2 கிலோபைட், வேகம் 16 மெகாஹெர்ட்ஸ். எல்இடியை மினுக்கும் முதல் பாட நிரல் ஒரு கிலோபைட்டைக்கூட நிரப்பாது.

மென்பொருளில் மட்டும் ஒரு தேர்வு இருக்கிறது. நிரலை எழுதி ஏற்ற உதவும் ஆர்டுயினோ ஐடிஇ-யின் இரண்டாம் பதிப்புக்கு 64-பிட் கணினி வேண்டும். 2 ஜிபி ரேமில் அது திணறும். பழைய மடிக்கணினிக்கு 1.8.19 பதிப்பே தோது. பார்க்கப் பழசாக இருந்தாலும் வேலையில் குறை வைக்காது.

பலரும் கைவிடுவது நிரலில் அல்ல, யுஎஸ்பி வயரில். செல்போன் சார்ஜருடன் வந்த சில வயர்களில் மின்சாரக் கம்பிகள் மட்டுமே இருக்கும், தகவல் கம்பிகள் இருக்காது. போர்டில் விளக்கு எரியும். கணினியோ அப்படியொரு போர்டே இல்லை என்று சாதிக்கும். வயர் சரியென்றால் அடுத்தது டிரைவர். ரிச்சி ஸ்ட்ரீட்டில் மலிவாகக் கிடைக்கும் நகல் ஊனோக்கள் பெரும்பாலும் சிஹெச்340 என்ற இணைப்புச் சில்லுடன் வருபவை. விண்டோஸ் கேட்டால் அதற்கான டிரைவரை நிறுவ வேண்டும். லினக்ஸில் டிரைவர் தயாராகவே இருக்கும், அனுமதி இருக்காது. பயனரை 'டயல்அவுட்' குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழைந்தால் கதவு திறக்கும். உபுண்டு 22.04-இல் இன்னொரு வேடிக்கை: பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவியை இயக்கும் மென்பொருள், இந்தச் சில்லைத் தன் கருவி என்று நினைத்துப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதை நீக்கினால் போர்ட் தென்படும்.

அப்லோடு பொத்தானை அழுத்தியதும் கணினி முதலில் போர்டை ரீசெட் செய்கிறது. கண்விழித்த சில்லில் முதலில் ஓடுவது பூட்லோடர் என்ற குட்டி நிரல். ஊனோவில் அதன் அளவு வெறும் 512 பைட். கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக் காத்திருக்கும். புது நிரல் வந்தால் வாங்கி எழுதிவைக்கும், வராவிட்டால் பழையதை ஓட்டத் தொடங்கும். ஆலை ஜிக்கின் வேலையை இங்கே இந்த 512 பைட்டும் ஒரு வயரும் முடித்துவிடுகின்றன.

போர்டுடன் மோட்டாரை இணைத்தால், அதை மட்டும் மடிக்கணினியின் மின்சாரத்தில் ஓட்ட வேண்டாம். யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர்தான். மோட்டாருக்குத் தனி பேட்டரி வைப்பது கணினிக்கும் நல்லது.

கை பழகியபின் உள்நாட்டுச் சில்லையும் தொட்டுப் பார்க்கலாம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் வடிவமைத்த வேகா வரிசையைச் சேர்ந்த தேஜஸ்32, ஏரீஸ் என்ற போர்டில் வருகிறது. 100 மெகாஹெர்ட்ஸ் வேகம், 256 கிலோபைட் நினைவகம், யாரும் உரிமத்தொகை கட்டாமல் பயன்படுத்தக்கூடிய ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்பு. பாடங்களும் உதாரணங்களும் ஊனோவுக்குக் கிடைக்கும் அளவுக்கு இதற்கு இல்லை என்பதால், முதல் போர்டாக இதை வாங்குவது உசிதமல்ல. இரண்டாவதாக வாங்குபவர், ஏற்கெனவே நிறுவிய ஐடிஇ-யின் போர்டு பட்டியலில் வேகாவைச் சேர்த்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாம்.