பள்ளிச் சிறாரும் கறிகாயும்

தறியில் அமர்ந்து பட்டு நெய்பவர் இல்லத்தில் பட்டுச் சேலை காண்பது அரிது என்பது நெடுநாளையக் குறை. அக்குறை பொருளாதாரத்தைச் சார்ந்தது. கூட்டுறவின் வாயிலாக அதனைச் சிறிது சிறிதாக நீக்கி வருகிறோம். ஆனால் பொருளில்லாக் காரணத்தால் அன்றி, பழக்கமில்லாக் காரணத்தால் நேரும் குறை மற்றொன்று உண்டு. காய்கனி விளைவிப்போர் இல்லத்துப் பிள்ளைகளே காய்கனியை விரும்பி உண்பதில்லை என்பதே அது.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில், பெருமுக்கல் மலையைச் சூழ்ந்த சிற்றூர்களை எடுத்துக்கொள்வோம். நெல்லும் நிலக்கடலையும் சவுக்கும் விளையும் இப்பக்கத்தில் தர்ப்பூசணியும் மிகுதியாகப் பயிராகிறது. கோடை நெருங்குங்கால் லாரி லாரியாகப் பழங்கள் வெளியூர்களுக்குச் செல்கின்றன. கத்தரியும் வெண்டையும் கீரையும் சந்தைக்குப் போகின்றன. எனினும் பகலுணவு வேளையில் நம் பிள்ளைகளின் தட்டுகளைச் சற்று நோக்குங்கள். சோறு தீர்ந்திருக்கும், குழம்பில் இட்ட காய்த்துண்டுகள் மட்டும் தட்டின் ஓரத்தில் வரிசையாக ஒதுங்கி நிற்கும். இதனை மாற்றும் வழி வகுப்பறையில் உள்ளது. அவ்வழியில் ஆசிரியருக்குத் துணை நிற்கும் கடமை நம் சங்க அங்கத்தினர்க்கு உள்ளது. இவ்விரண்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எவ்வளவு வேண்டும், எவ்வளவு கிடைக்கிறது?

உலகச் சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறையின்படி, இரண்டு முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தை நாளொன்றுக்குக் குறைந்தது 250 கிராம் காய்கனிகளை உண்ணவேண்டும். ஆறு முதல் ஒன்பது வயது வரை 350 கிராமும், பத்து வயதுக்கு மேல் 400 கிராமும் வேண்டும். உருளைக்கிழங்கு போன்ற மாவுக்கிழங்குகள் இக்கணக்கில் சேரா.

பள்ளியில் அளிக்கப்படும் பகலுணவில், தொடக்க வகுப்பு மாணாக்கர் ஒருவருக்கு 50 கிராமும் நடுநிலை வகுப்பு மாணாக்கர் ஒருவருக்கு 75 கிராமும் காய்கறி சேர்க்கவேண்டும் என்பது மத்திய அரசின் அளவுத்திட்டம். எனவே, தட்டில் இட்ட காய் முழுவதையும் உண்டாலும், ஏழு வயதுச் சிறுவனுக்கு ஒரு நாளைய தேவையில் ஏழில் ஒரு பங்கே பள்ளியில் கிடைக்கும். அந்த ஒரு பங்கையும் ஓரத்தில் ஒதுக்கிவிட்டால் எஞ்சுவது யாது? மற்ற ஆறு பங்கும் இல்லத்திலிருந்தே வரவேண்டும் என்பதும் இக்கணக்கால் விளங்கும்.

இதன் விளைவு உடலில் தெரிகிறது. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு ஐம்பத்தேழு பேர் இரத்தச் சோகை உடையவர்கள். சோகைக்குக் காரணங்கள் பல. உணவில் இரும்புச் சத்துக் குறைவது அவற்றுள் முதன்மையானது. முருங்கைக்கீரையிலும் பிற கீரைகளிலும் இரும்புச் சத்து உண்டு. அச்சத்தை உடல் நன்கு ஏற்பதற்குக் கொய்யா, நெல்லி, எலுமிச்சை ஆகியவற்றிலுள்ள வைட்டமின் சி துணை செய்கிறது. பப்பாளி, மாம்பழம், மஞ்சள் பூசணி, கீரை ஆகியன கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ சத்தைத் தருகின்றன. சோகையுற்ற பிள்ளை விரைவில் களைப்புறும். பாடத்தில் கருத்து ஊன்றாது. ஆகவே இது நாவின் சுவையைப் பற்றிய சிறு செய்தி அன்று. படிப்பைப் பற்றியதும் ஆகும்.

நம் நாட்டு முன்னோடிகள்

பள்ளியில் உணவளிப்பதில் தமிழ்நாட்டிற்கு நீண்ட வரலாறு உண்டு. 1920ஆம் ஆண்டில் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பகலுணவு தொடங்கப்பெற்றது. 1956இல் முதலமைச்சர் காமராசர் அதனை மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கினார். அன்று செலவில் ஒரு பகுதியை ஊர்மக்களே ஏற்றனர் என்பதைக் கூட்டுறவாளராகிய நாம் சிறப்பாக நினைவில் கொள்ளவேண்டும். பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அக்காலத்தில் நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், ஊரார் தம் ஊர்ப் பள்ளிக்கு வேண்டிய பொருள்களை மனமுவந்து அளித்தனர். 1982 ஜூலை 1ஆம் நாள் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2022 செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பெற்று, அடுத்த ஆண்டில் மாநிலமெங்கும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது.

தட்டில் உணவு வைக்கும் பணியில் நம் மாநிலம் இவ்வாறு முன்னின்றது. வைத்த காயைப் பிள்ளை விரும்பி உண்ணச் செய்வதே இனி ஆகவேண்டிய பணி.

குழந்தை ஏன் ஒதுக்குகிறது?

காயை ஒதுக்கும் பிள்ளையை அடம்பிடிப்பவன் என்று கடிந்துகொள்கிறோம். காரணம் வேறு. அறியாத உணவை அஞ்சுவது மழலைப் பருவத்தின் இயல்பு. இரண்டு வயது முதல் ஆறு வயது வரை இவ்வச்சம் மிகுந்திருக்கும். பின்னர்ப் படிப்படியாகத் தணியும். இனிப்பை நாக்குப் பிறவியிலேயே விரும்புகிறது. கசப்பையும் துவர்ப்பையும் பழகிய பின்னரே ஏற்கிறது.

பழக்கம் எத்தனை முறையில் வரும்? புதிய காய் ஒன்றைக் குழந்தை ஏற்பதற்கு எட்டு முதல் பதினைந்து முறை வரை அதனைச் சிறிதளவில் சுவைக்க நேரிடலாம் என்று இத்துறை ஆராய்ச்சியாளர்கள் கண்டுள்ளனர். நாமோ இரண்டு மூன்று முறை கொடுத்துப் பார்த்துவிட்டு, 'இவனுக்குப் பாகற்காய் பிடிக்காது' என்று தீர்ப்புக் கூறிவிடுகிறோம். அதன்பின் அக்காய் அவன் தட்டிற்கு வருவதேயில்லை. குறை நாவில் இல்லை. நம் பொறுமையில் உள்ளது.

மற்றொரு வழக்கத்தையும் கைவிடவேண்டும். 'கீரையைத் தின்றால் மிட்டாய் தருவேன்' என்று சொல்லும்போது, கீரை தண்டனை என்றும் மிட்டாய் பரிசு என்றும் நாமே கற்பித்துவிடுகிறோம். பாராட்டுச் சொல்லும், குறிப்பேட்டில் இடும் நட்சத்திரமும் தீங்கற்றவை. தின்பண்டத்தைக் கூலியாகத் தருதல் ஆகாது.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

முதலாவது, சுவைநாள். வாரத்தில் ஒரு நாள், ஒரே ஒரு காய் அல்லது கனி. வெள்ளரி, தக்காளி, காரட், கொய்யா, பப்பாளி ஆகியவற்றுள் ஒன்றைக் கழுவி, விரல் நுனி அளவாக நறுக்கி ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு தரவேண்டும். ஆசிரியரும் உடன் உண்ணவேண்டும். வற்புறுத்தல் கூடாது, முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிடும் பிள்ளையையும் ஒன்றும் சொல்லலாகாது. சுவை எத்தகையது என்று கேட்டுக் கரும்பலகையில் எழுதலாம். இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு, கார்ப்பு என்னும் சொற்கள் அன்றைய தமிழ்ப் பாடமாகும். அதே காய் சில வாரங்களுக்குப் பின் மீண்டும் வரவேண்டும்.

இரண்டாவது, பை விளையாட்டு. துணிப்பை ஒன்றில் சில காய்களை இட்டு, கண்ணால் காணாமல் கையால் தடவிப் பெயர் சொல்லச் செய்வது. முருங்கைக்காயும் புடலங்காயும் வேறுபடுவதைக் கை அறியும். தொட்டுப் பழகிய காயை வாயிலிடும் அச்சம் குறையும். இதற்கு வேண்டிய பைகளைத் தறியில் எஞ்சும் துண்டுத் துணிகளால் நம் நெசவாளர் இல்லங்களிலேயே தைத்தளிக்கலாம்.

மூன்றாவது, கரை போடுதல். சேலைக் கரையில் பூ வேலை அமைக்க விரும்பும் நெசவாளர், முதலில் கிராப் எனப்படும் கட்டத்தாளில் கட்டங்கட்டமாக நிறமிட்டுக் கொள்கிறார். பின்னர் அது ஜக்கார்டு அட்டையில் ஏறி, துணியில் மலர்கிறது. இம்முறையையே வகுப்பிற்குக் கொண்டு செல்லலாம். நீண்ட கட்டத்தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டவேண்டும். பகலுணவில் காயை மிச்சமின்றி உண்ட பிள்ளை ஒரு கட்டத்திற்கு நிறமிடலாம்: கீரைக்குப் பச்சை, பூசணிக்கு மஞ்சள், தக்காளிக்குச் சிவப்பு, கத்தரிக்கு ஊதா. தனித்தனிப் பெயர் எழுதவேண்டா. உண்ணாத பிள்ளை வெட்கமுறும். வகுப்பு முழுவதும் சேர்ந்து ஒரு கரையை நெய்கிறது என்பதே கருத்து. பருவ முடிவில் நிறைவுற்ற கரையை நெசவாளர் ஒருவர் பள்ளிக்கு வந்து பார்த்து, தறியில் அது எவ்வாறு துணியாகும் என்று விளக்கினால் பிள்ளைகள் என்றும் மறவார்.

நான்காவது, கணக்கு. அறுபது பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளி ஒன்றை எண்ணிக்கொள்வோம். தலைக்கு 50 கிராம் வீதம் நாளொன்றுக்கு மூன்று கிலோ காய் சமைக்கப்படும். அதில் பாதி ஒதுக்கப்பட்டால் ஒன்றரைக் கிலோ வீண். இருநூறு பள்ளி நாள்களில் முந்நூறு கிலோ. இதனை விளைக்க எத்தனை நாள் நீர் பாய்ச்சினார்கள், களையெடுத்தார்கள் என்று தம் பெற்றோரைக் கேட்டுவரும்படி பிள்ளைகளை ஏவலாம். வாய்பாட்டுடன் உழைப்பின் மதிப்பும் மனத்தில் பதியும்.

ஐந்தாவது, தோட்டம். பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் அமைப்பதற்கான வழிகாட்டு நெறிகளை மத்தியக் கல்வித் துறை 2019ஆம் ஆண்டில் வெளியிட்டது. பெரும்பரப்பு வேண்டுவதில்லை. சிறுகீரையும் தண்டுக்கீரையும் விதைத்த இருபத்தைந்து முப்பது நாள்களில் பறிக்கலாம். வெண்டை ஒன்றரை மாதத்தில் காய்க்கத் தொடங்கும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான பி.கே.எம். 1 என்னும் செடிமுருங்கை விதையூன்றிய ஆறேழு மாதங்களில் பயன் தரும். பிள்ளைகள் கை கழுவும் நீரை வாழைக்கும் பப்பாளிக்கும் திருப்பிவிடலாம். தன் கையால் நீரூற்றிய கீரையைக் குழந்தை அயலாகக் கருதுவதில்லை; அறியாததை அஞ்சும் இயல்பு அங்கே தளர்கிறது.

பிற நாடுகள் கண்ட பயன்

இவை நம்மவர் மட்டும் எண்ணுவன அல்ல. பிரிட்டனில் வேல்ஸ் பகுதியிலுள்ள பாங்கர் பல்கலைக்கழகத்தார், காய்கனிகளை விரும்பி உண்ணும் கதைமாந்தரைப் படத்தில் காட்டி, பிள்ளைகளைப் பன்முறை சுவைக்கச் செய்து, சுவைத்தோர்க்குத் தின்பண்டமல்லாத சிறு பரிசுகள் அளிக்கும் முறையொன்றை வகுத்தனர். அம்முறை அயர்லாந்துப் பள்ளிகளிலும் பரவியது. தன்னையொத்த பிள்ளை உண்பதைக் காணும் பிள்ளை தானும் உண்ணும் என்பதே அதன் அடிப்படை. சப்பான் நாடு 2005ஆம் ஆண்டில் உணவுக்கல்விக்கென ஒரு சட்டமே இயற்றியது. அங்குத் தொடக்கப் பள்ளி மாணாக்கர் முறைவைத்துத் தம் வகுப்பினர்க்கு உணவு பரிமாறுகின்றனர். ஆசிரியரும் உடனிருந்து அதே உணவை உண்கிறார். நம் பள்ளிகளிலும் மேல்வகுப்புப் பிள்ளை ஒருவன் கீழ்வகுப்புப் பிள்ளைகள் நால்வருடன் அமர்ந்து உண்ணும் வழக்கத்தைச் செலவேதுமின்றிக் கொண்டுவரலாம்.

அங்கத்தினர் ஆற்றவேண்டியவை

விளைவிப்போர் தம் ஊர்ப் பள்ளித் தோட்டத்திற்கு விதையும் நாற்றும் தொழுவுரமும் அளிக்கலாம். சுவைநாளுக்கு வேண்டிய காய் மிகச் சிறிதே. முறைவைத்து வாரத்திற்கு ஒருவர் தந்தால் எவர்க்கும் பளுவாகாது. வடிவில் கோணலுற்றுச் சந்தையில் விலைபோகாத வெள்ளரியும் காரட்டும் சுவையில் குறைந்தவை அல்ல. ஆயின் அழுகலும் வெம்பலும் பள்ளிக்கு ஆகா. மருந்து தெளித்த நிலத்துக் காயை, அம்மருந்திற்குக் குறித்த காத்திருப்பு நாள்கள் கழியுமுன் பறித்துக் கொடுத்தல் கூடவே கூடாது. இது சந்தைக்கு அனுப்பும் காய்க்கும் பொருந்தும் அறமேயாகும். எதனை அளிப்பதாயினும் தலைமையாசிரியரையும் பள்ளி மேலாண்மைக் குழுவையும் கலந்தே அளிக்கவேண்டும்.

நெசவாளர் இல்லங்களுக்குத் தனியே ஒரு சொல். தறி வேலை நாள் முழுவதும் ஆளைக் கட்டிப்போடும். பாவு முடியும் அவசரத்தில் சோறும் ஒரு குழம்புமாகப் பொழுது கழிவதை நாம் அறிவோம். கொல்லையில் ஒரு முருங்கையும் ஒரு பப்பாளியும் இருந்தால், சந்தைக்குச் செல்ல இயலாத நாளிலும் கீரையும் கனியும் கைக்கெட்டும்.

இல்லத்தில் செய்யவேண்டுவது இன்னும் எளிது. பெற்றோர் உண்பதையே பிள்ளை உண்ணும். தந்தை தம் தட்டில் கத்தரிக்காயை ஒதுக்கிவைத்துவிட்டு மகனுக்கு அறிவுரை கூறுவதால் பயனில்லை. வகுப்பில் அன்று சுவைத்த காய் யாது என்று மாலையில் கேட்டு, அதனை அவ்வாரத்திலேயே வீட்டில் சமைத்தால், பள்ளியின் ஒரு பங்குடன் இல்லத்தின் ஆறு பங்கும் சேரும்.

ஆண்டின் தொடக்கத்தில் பள்ளி திறக்கிறது; அடுத்து ஆடிப் பட்டம் வருகிறது. விதைப்பதற்கும் தொடங்குவதற்கும் அதுவே ஏற்ற காலம். ஆகவே ஒவ்வொரு சங்கமும் தன் அடுத்த கூட்டத்திலேயே இதனைப் பொருளாக எடுத்துக்கொண்டு, தம் ஊர்த் தலைமையாசிரியரை அழைத்துப் பேசி, விதை தருவோர் யார், பை தைப்போர் யார், முதல் சுவைநாளுக்குக் காய் தருவோர் யார் என்பதைப் பெயர் குறித்து முடிவுசெய்யும்படி கேட்டுக்கொள்கிறோம்.