ஸ்பானிய நரம்புப் பரிசோதனைக் குறிப்பு ஆங்கிலமாவது எப்படி?

பழகிய அஞ்சறைப் பெட்டியில் கடுகு எது, சீரகம் எது என்று யாரும் தேடுவதில்லை. கை தானாகப் போகும். ஸ்பெயின் மருத்துவர் எழுதும் நரம்பியல் பரிசோதனைக் குறிப்பும் அறை பிரித்த பெட்டிதான். நினைவுத் தெளிவு, மண்டை நரம்புகள், தசை பலம், அனிச்சைச் செயல்கள், தொடு உணர்வு, நடை என்று வரிசை பிசகாமல் ஓடும். ஆங்கிலக் குறிப்பிலும் ஏறக்குறைய இதே அறைகள். அதனால் அகராதியைப் புரட்டுவதற்கு முன், சொல் எந்த அறையில் கிடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில் சுலபமானவை. 'பாரெஸ் க்ரானேயாலெஸ்' என்றால் நேர்ப்பொருள் 'மண்டை ஜோடிகள்'. மூளையிலிருந்து புறப்படும் 12 ஜோடி நரம்புகளைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் ஜோடியை விட்டுவிட்டு 'க்ரேனியல் நெர்வ்ஸ்' என்று எழுதினால் போதும். தசை பலம் 5/5 என்றிருந்தால் அப்படியே இறக்கலாம். 0 முதல் 5 வரை போகும் அளவுகோல் இரு பக்கமும் ஒன்றுதான்.

அடுத்து, சுருக்கெழுத்துகள். முழங்காலில் சுத்தியலால் தட்டினால் கால் உதறுகிறதே, அந்த வகை அனிச்சை ஸ்பானியத்தில் ஆர்.ஓ.டி.; ஆங்கிலத்தில் டி.டி.ஆர். அதன் பக்கத்திலேயே ஆர்.சி.பி. என்று இருந்தால், உள்ளங்காலைக் கீறிப் பார்த்த சோதனை. விரல்கள் கீழே மடங்கினால் 'ஃப்ளெக்ஸோர்', இயல்பு. பெரியவர்களுக்குக் கட்டைவிரல் மேலே எழும்பினால், மூளையிலோ தண்டுவடத்திலோ இயக்க நரம்புப் பாதை பழுது என்று சந்தேகிப்பார்கள். 1896இல் ஜோசஃப் பாபின்ஸ்கி விவரித்த அடையாளம் அது. இதே ஆர்.சி.பி. அவசர சிகிச்சைக் குறிப்பில் வந்தால், நின்ற இதயத்தை மீட்கும் சி.பி.ஆர்.! எழுத்து மூன்றும் ஒன்றே. பொருளைச் சொல்வது அறைதான்.

மூன்றாவது, முகம் பார்த்து நாம் ஏமாறும் சொற்கள். நோயாளி கண்ணை மூடி இரு கைகளையும் முன்னே நீட்டுகிறார். கை தாழாமல் நின்றால் ஸ்பானிய மருத்துவர் 'நோ க்ளவுதிக்கா' என்று எழுதுவார். அதை 'க்ளாடிகேஷன் இல்லை' என்று ஆங்கிலத்தில் போட்டால், படிக்கும் மருத்துவர் ரத்த ஓட்டக் குறைவால் நடக்கும்போது வரும் கால்வலியை நினைப்பார். கையைச் சோதித்த இடத்தில் கால்வலிக்கு வேலையில்லை. 'டிரிஃப்ட் இல்லை' என்பதே சரி.

கடைசியாக, இல்லாததைச் சேர்க்காமல் இருப்பது. 'ஈஸோகோரிகாஸ்' என்றால் இரு கண்மணிகளும் ஒரே அளவு. ஒளிக்குச் சுருங்குகின்றன என்றும் கூடவே எழுதியிருந்தால், ஆங்கில மருத்துவர்கள் வழக்கமாக எழுதும் பி.இ.ஆர்.ஆர்.எல். என்ற சுருக்கத்தைப் போடக் கை பரபரக்கும். ஆனால் அதில் 'வட்டமானவை' என்ற தகவலும் அடங்கியிருக்கிறது. ஸ்பானிய மருத்துவர் அதைச் சொல்லவில்லை. 'சம அளவு, ஒளிக்குச் சுருங்குகின்றன' என்று மட்டும் எழுதுவதே நேர்மை.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு சுருக்கெழுத்து பிடிபடாவிட்டால், ஊகித்து நிரப்ப வேண்டாம். மூலத்தில் உள்ளபடியே விட்டு, 'தெளிவில்லை' என்று குறித்துவிட்டு, எழுதிய மருத்துவரிடம் கேளுங்கள். அடுத்த சிகிச்சையை முடிவு செய்யப்போகிறவர் உங்கள் வரியைத்தான் நம்பியிருக்கிறார்.