வச்சிரமும் சம்மட்டியும்

ஐப்பசியில் வாடைக்காற்று திரும்பி, பழவேற்காட்டு ஏரியின் மேல் முதல் இடி முழங்கும்போது, காட்டூர்ப் பக்கத்து மூதாட்டியர் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லிக் காதைப் பொத்திக்கொள்வர். தமிழகமெங்கும் உள்ள வழக்கந்தான் இது. இடிக்கு அஞ்சுகிறவர் அர்ச்சுனனை ஏன் அழைக்க வேண்டும்? அவன் இந்திரனின் மைந்தன். வச்சிரத்தை ஏந்தியவன் தந்தை. மகன் பெயர் செவியில் விழுந்தால் தந்தையின் கை தணியும் என்று பெரியோர் இதற்குப் பொருள் கூறுவர்.

ஆயினும் ஏரிக்கரை மக்களுக்கு இடி வெறும் அச்சமன்று. கோடையில் கடல்மணல் சேர்ந்து முகத்துவாரம் தூர்ந்துவிடும். ஏரி வற்றி, உப்பு மிகுந்து, கடலிலிருந்து மீனும் இறாலும் உள்ளே வர வழியின்றிப் போகும். வடகிழக்குப் பருவமழை பெய்து ஆரணியாற்றில் வெள்ளம் வந்தால்தான் மணல்திட்டு உடையும். வங்கிப் பணியில் வலைக்கும் படகுக்கும் கடன் மனுக்களைப் பார்த்த காலத்தில், "முகத்துவாரம் திறந்ததா?" என்பதே நான் கேட்கும் முதற்கேள்வி. மற்றக் கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அடைபட்ட நீரைத் திறந்துவிட்டவன் என்பதற்காகவே இருக்கு வேதம் இந்திரனைப் போற்றுகிறது. அதன் சூக்தங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அவனுக்குரியவை. நீரையெல்லாம் சுற்றிவளைத்துக் கிடந்த விருத்திரன் என்னும் பெரும் பாம்பை அவன் வச்சிரத்தால் பிளந்தான். ஆறுகள் கடலை நோக்கி ஓடின. விருத்திரன் என்ற சொல்லுக்கே மறைப்பவன், தடுப்பவன் என்பது பொருள். அவ்வச்சிரம் ததீசி முனிவர் மனமுவந்து ஈந்த எலும்பால் ஆனது என்பதைப் புராணங்கள் உருக்கமாகச் சொல்கின்றன. மகாபாரதத்தின் உத்தியோக பருவத்திலோ கதை கடற்கரையில் முடிகிறது. பகலும் இரவும் அல்லாத அந்திப்பொழுதில், ஈரமும் உலர்வும் அல்லாத கடல் நுரையோடு வச்சிரத்தைச் சேர்த்து வீசி, இந்திரன் அவனை வீழ்த்தினான்.

இக்கதையின் சாயலை வேறொரு கடலோரத்திலும் காண்கிறோம். ஐரோப்பாவின் வடகோடியில், நார்வே, சுவீடன், ஐஸ்லாந்து நாடுகளின் பழங்குடியினர் தோர் என்னும் இடித்தெய்வத்தை வணங்கினர். செந்தாடி உடையவன், இரு வெள்ளாடுகள் பூட்டிய தேரில் வருபவன், கையில் குறுங்காம்புச் சம்மட்டி. அரசரும் புலவரும் ஓடின் என்னும் தெய்வத்தைச் சார்ந்திருக்க, உழவரும் கடலோடிகளும் தோரையே நம்பினர். காற்றும் மழையும் விளைச்சலும் அவன் ஆணைக்கு உட்பட்டவை என்றும், பஞ்சமும் கொள்ளைநோயும் வந்தால் அவனுக்கே பலியிட்டனர் என்றும் 11ஆம் நூற்றாண்டில் பிரேமன் நகரத்து ஆதாம் என்னும் பாதிரியார் எழுதிவைத்தார்.

அவன் கதைகளுள் நம் மீனவர் கேட்டால் மகிழக்கூடியது ஒன்று உண்டு. ஹிமிர் என்னும் அரக்கனுடன் தோர் படகேறிக் கடலுக்குப் போகிறான். தூண்டிலில் காளையின் தலையை இரையாகக் கோக்கிறான். உலகையே வளைத்துக் கடலடியில் கிடக்கும் பெரும் பாம்பு அதைக் கவ்வுகிறது. தோர் இழுத்த இழுப்பில் அவன் கால்கள் படகின் அடிப்பலகையைத் துளைத்துக்கொண்டு இறங்கிவிடுகின்றன. சம்மட்டியை ஓங்கும் நேரத்தில் அரக்கன் நடுங்கிக் கயிற்றை அறுத்துவிட, பாம்பு தப்பிவிடுகிறது. சுவீடனில் ஆல்டுனா என்னும் ஊரில் உள்ள பழங்கல்லொன்றில் இக்காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள்.

இந்திரனே வடக்கே சென்று தோர் ஆனான் என்பாருண்டு, அது மிகை. வடமொழியில் இடியைக் குறிக்கும் 'ஸ்தனயித்னு' என்னும் சொல்லும் தோர் என்னும் பெயரும் ஒரே வேரின் கிளைகள் என்று மொழியியலார் கூறுவர். தொன்முதுகாலத்தில் ஒருங்கே வாழ்ந்த மக்களின் நினைவு இரு திசைகளில் பிரிந்து வளர்ந்தது என்று கொள்வதே பொருந்தும். ஆங்கிலத்தில் வியாழக்கிழமைக்குரிய பெயரும் தோரின் நாள் என்றே பொருள்படும். நமக்கோ அது குருவாரம். அந்தக் குரு இந்திரனின் ஆசான்.

ஆனால் இருவரும் அடைந்த முடிவு வேறு. உலகின் இறுதிப்போரில் தோர் அப்பாம்பைக் கொன்று, அதன் நஞ்சால் ஒன்பது அடி நடந்து வீழ்வான் என்பது அவர்கள் மரபு. கி.பி. 1000 அளவில் ஐஸ்லாந்து கிறித்துவத்தை ஏற்றது. டென்மார்க்கில் கிடைத்த வார்ப்பு அச்சு ஒன்றில் சிலுவைக்கும் சம்மட்டிக்கும் அருகருகே குழிகள் உள்ளன. இரு வகையாரும் அந்தக் கம்மியனுக்கு வாடிக்கையாளர் போலும்! பின்னர் சம்மட்டி மறைந்தது.

இந்திரனுக்கும் நம் நாட்டில் ஒரு வீழ்ச்சி உண்டு. தொல்காப்பியம் மருத நிலத்துக்கு வேந்தனையும் நெய்தலுக்கு வருணனையும் தெய்வமாகச் சொல்கிறது. வேந்தன் என்பான் இந்திரனே என்பது உரையாசிரியர் துணிபு. புகார் நகரில் வச்சிரத்துக்கே ஒரு கோட்டம் இருந்ததைச் சிலப்பதிகாரத்தால் அறிகிறோம். சித்திரை முழுநிலவை ஒட்டி 28 நாள் இந்திர விழா நடந்தது. மகனைப் பிரிந்த துயரில் நெடுமுடிக்கிள்ளி அவ்விழாவை மறந்தான், கடல் புகாரைக் கொண்டது என்கிறது மணிமேகலை. இன்று அவன் பெயரில் எஞ்சியிருப்பது போகிப் பண்டிகை. அதையும் பழம்பாய் கொளுத்தும் நாளாகவே பிள்ளைகள் அறிவர்.

எனினும் அவன் மறையவில்லை, அடியவனாகித் தங்கினான். விருத்திரனைக் கொன்ற பழி பற்றியதும் தாமரைத் தண்டில் ஒளிந்த இந்திரன், குருவின் சொற்படி தலந்தோறும் வணங்கி, கடம்பவனத்தில் சொக்கநாதரைக் கண்டு அப்பழி நீங்கினான். திருவிளையாடற் புராணத்தின் முதற்படலமே இதுதான். மதுரைக் கருவறையின் மேல் நிற்கும் விமானம் இன்றும் அவன் பெயரால் இந்திர விமானம். சித்திரா பௌர்ணமி தோறும் அவன் அங்கு வந்து பூசிப்பதாக ஐதிகம். புகாரில் அவனுக்கு விழா எடுத்த அதே முழுநிலா நாள். திருப்பரங்குன்றத்தில் அவன் முருகனுக்கு மாமனார். திருக்கழுக்குன்றத்து மலைமேல் வேதகிரீசுவரரை அவன் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை இடியாக இறங்கி வழிபடுகிறான் என்பது அன்பர் நம்பிக்கை. குடமுழுக்குக் காலத்தில் யாகசாலையில் எண்திசைக் காவலருக்கு இடம் வகுக்கையில், கிழக்கே முதலில் அழைக்கப்படுபவனும் அவனே.