லீவர் மேலே, கோளாறு உள்ளே

மே மாத விடுமுறைக்குக் கோயம்புத்தூரோ திருநெல்வேலியோ போய்விட்டு, ஜூன் பாதியில் புனே திரும்பும் குடும்பத்துக்கு மகர்பட்டாவில் ஒரு சின்ன அதிர்ச்சி காத்திருக்கலாம். அதற்குள் பருவமழை தொடங்கியிருக்கும். பார்க்கிங்கில் ஹேண்ட்பிரேக் இழுத்து விட்டுப்போன பழைய கார் ஸ்டார்ட் ஆகும், கியரும் விழும். ஆனால் பின்பக்கம் யாரோ பிடித்து வைத்திருப்பதுபோல நகர மறுக்கும். லீவரை இறக்கியாகிவிட்டது, சக்கரம் மட்டும் விடவில்லை.

ஹடப்சரை ஒட்டிய மகர்பட்டா ஒரு தலைமுறைக்கு முன்புவரை விளைநிலம். விவசாயக் குடும்பங்கள் சுமார் 400 ஏக்கரை ஒன்றாகச் சேர்த்து, தாங்களே பங்குதாரர்களாக இருந்து கட்டிய நகரம் இது. ஐ.டி. வேலைக்கு வந்த தமிழர்களும் இங்கே நிறையப் பேர். வாரநாளில் அலுவலகப் பேருந்து, வார இறுதிக்கு மட்டும் கார் என்பது பல வீடுகளின் வழக்கம். ஹேண்ட்பிரேக்கைக் கெடுக்க இதைவிடத் தோதான வழக்கம் கிடையாது. ஓடித் தேயும் காரைவிட நின்று துருப்பிடிக்கும் காருக்குத்தான் இந்தக் கோளாறு அதிகம்.

உள்ளே நடப்பது எளிய வேலைதான். லீவரை இழுத்தால் காருக்கு அடியில் ஓடும் கேபிள் இறுகும். கேபிளின் மறுமுனை, பின்சக்கர டிரம்முக்குள் இருக்கும் ஒரு சிறு நெம்புகோலை இழுக்கும். அது பிறை வடிவிலான இரண்டு பிரேக் ஷூக்களையும் விரித்து டிரம்மின் உட்சுவரில் அழுத்தும். மாருதி 800, இண்டிகா போன்ற கார்களில் கால் பிரேக்குக்கும் ஹேண்ட்பிரேக்குக்கும் பின்னால் இதே ஷூக்கள்தான். ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங் தேயத் தேய ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடும். முன்பு நாலைந்து 'கிளிக்'கில் பிடித்த லீவர் அப்போது பத்தைத் தாண்டி, செங்குத்தாக எழுந்து நிற்கும்.

பல பட்டறைகளில் இதற்குச் செய்யும் வைத்தியம், லீவருக்குக் கீழே இருக்கும் நட்டை முறுக்கிக் கேபிளை இறுக்குவது. ஐந்து நிமிட வேலை. வாடிக்கையாளரும் இழுத்துப் பார்த்துத் திருப்தியாகப் போவார். உண்மையில் இது கோளாறைத் திரைபோட்டு மறைக்கும் வேலை. டிரம்மைக் கழற்றி, ஷூவைப் பார்த்து, இடைவெளியைச் சரிசெய்த பிறகுதான் கேபிளைத் தொட வேண்டும். வரிசையை மாற்றினால், இறுக்கிய கேபிள் உள்ளே இருக்கும் நெம்புகோலை எப்போதும் பாதி இழுத்தே வைத்திருக்கும். தேய்மானத்துக்கேற்ப ஷூவை நகர்த்தும் தானியங்கி அட்ஜஸ்டரும் அதோடு வேலைநிறுத்தம் செய்துவிடும்.

டிரம்மைக் கழற்றத் தயங்குவதற்கும் காரணம் உண்டு. தேய்ந்த டிரம்மின் விளிம்பில் ஒரு வரம்பு எழும்பி ஷூவைப் பிடித்துக்கொள்ளும். சுத்தியலால் ஓங்கி அடிப்பது டிரம்மை உடைக்கும் வழி. மாருதி 800 டிரம்மின் முகத்தில் மரையிட்ட இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் 8 மி.மீ. போல்ட்டுகளை மாறி மாறி முறுக்கினால் டிரம் தானாக வெளியே வரும். இந்தத் துளைகள் எதற்கென்றே தெரியாமல் பத்து வருடம் அந்தக் காரை ஓட்டியவர்கள் உண்டு.

திறந்த பிறகு மூக்கையும் கண்ணையும் பயன்படுத்த வேண்டும். லைனிங் ஈரமாக, கறுத்துப் பிசுபிசுப்பாக இருந்தால் கால் பிரேக்கை மிதிக்கும்போது ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிகிறது. அம்பாசடர் போன்ற பின்சக்கர இயக்கக் கார்களில் ஆக்சில் ஆயில் சீல் தேய்ந்து கியர் ஆயில் வந்திருக்கவும் கூடும். எண்ணெய் குடித்த லைனிங்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பயனில்லை. கசிவை நிறுத்திவிட்டு இரு சக்கரங்களுக்கும் சேர்த்து ஷூவை மாற்றுவதே வழி. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிடிமானம் ஒரு சக்கரத்தில் அதிகமாகவும் மறுசக்கரத்தில் குறைவாகவும் இருக்கும். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்புண்டு என்பதால் டிரம்மிலுள்ள தூசியைக் காற்றடித்துப் பறக்கவிடக் கூடாது, ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். காற்றுக்குழாயைக் கையில் எடுக்காத பட்டறை அபூர்வம் என்பது வேறு விஷயம்.

பின்னால் டிஸ்க் பிரேக் உள்ள சில பழைய கார்களில் கதை மாறுகிறது. 1995இல் புனே அருகே பிம்பிரியில், டாடா குழுமத்தின் டெல்கோ ஆலை வளாகத்தில் மெர்சிடீஸ் நிறுவனம் இந்தியாவில் தன் முதல் காரைத் தயாரிக்கத் தொடங்கியது. அப்படிப்பட்ட கார்தான் அது: டபிள்யூ 124 என்ற இ-கிளாஸ். அதில் ஓட்டத்தை நிறுத்துவது டிஸ்க்கின் வேலை. நிறுத்திய காரைப் பிடித்து வைக்க, டிஸ்க்கின் நடுவிலுள்ள கிண்ணம் போன்ற பகுதிக்குள் தனியாக இரண்டு சிறிய ஷூக்கள். இயக்குவதோ இடதுகாலருகே உள்ள பெடல்.

ஓடும்போது இந்த ஷூக்கள் எதிலும் உரசுவதில்லை. எனவே இருபது வருடம் ஆனாலும் லைனிங் தடிமனாகவே இருக்கும். பார்ப்பவர் ஏமாறுவது இங்கேதான். லைனிங்குக்கும் இரும்புக்கும் நடுவே துரு புகுந்து, ஒட்டுப்பசை விட்டு, ஒருநாள் லைனிங் முழுத்துண்டாகக் கழன்று உள்ளே உருளும். ஓடும்போது இப்படி ஆனால் சக்கரம் சிக்கிக்கொள்ளலாம். பின்பக்கம் கரகரவென்று சத்தம் கேட்டால் அதைத் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் சாதாரண இடைவெளியைச் சரிசெய்ய ஜெர்மன் பொறியாளர்கள் சுலபமான வழி வைத்திருக்கிறார்கள். சக்கரத்தின் ஒரு போல்ட்டைக் கழற்றி, அந்தத் துளை வழியாக ஸ்க்ரூடிரைவரை விட்டு உள்ளே இருக்கும் பல்சக்கரத்தைத் திருப்பினால் போதும்.

பழசுக்கு மட்டும்தான் இந்தத் தொல்லை என்று நினைக்க வேண்டாம். 2015 அக்டோபரில் ஃபோக்ஸ்வாகன் இந்தியாவில் 389 போலோ கார்களைத் திரும்ப அழைத்தது, காரணம் ஹேண்ட்பிரேக்கில் சந்தேகம். போலோ தயாரானதும் புனேக்குப் பக்கத்துச் சாக்கனில்தான்.

எவ்வளவு பிடித்தால் போதும்? ஐ.நா. வாகன விதிகளின்படி, முழுச் சுமையுடன் உள்ள காரை ஹேண்ட்பிரேக் மட்டுமே 20 சதவீதச் சரிவில், அதாவது ஐந்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் ஏற்றத்தில், நிறுத்தி வைக்க வேண்டும். இந்தியாவில் பதினைந்து வருடம் முடிந்த சொந்தக் காரின் பதிவைப் புதுப்பிக்கும்போது வாகனத்தின் தகுதியைப் பரிசோதிப்பார்கள். அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஹடப்சரிலிருந்து சாஸ்வட் போகும் வழியில், ஞானேஸ்வரர் பல்லக்கு ஏறும் திவே காட் மலைப்பாதையில் வாகன நெரிசல் என்றால், முன்னால் நிற்கும் லாரியும் பின்னால் ஒட்டி நிற்கும் பைக்கும் சேர்ந்து அந்தப் பரிசோதனையை நடத்திவிடும்.

உதிரிபாகம் கிடைப்பது கஷ்டமில்லை. புனேயில் நானா பேட், சென்னையில் புதுப்பேட்டை. இந்திய பிரேக் லைனிங் தொழிலில் சென்னையின் பங்கு பெரிது: பாடியில் 1962இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியாவும் 1964இல் உருவான ரானே பிரேக் லைனிங்கும் இந்த ஊரில் பிறந்தவைதான்.

வாரக்கணக்கில் காரை விட்டுப்போகிறவர்கள் சமதரையில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டே போகலாம். 2020 ஊரடங்கின்போது கார் நிறுவனங்கள் சொன்ன யோசனையும் இதுதான். ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருந்தால் ஆக்சிலேட்டரை மிதித்து இழுக்கக் கூடாது, லைனிங் பிய்ந்துவிடும். முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பார்த்து, அதற்கும் விடாவிட்டால் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைச் சுற்றிலும் லேசாகத் தட்டினால் பெரும்பாலும் 'டக்'கென்று விட்டுவிடும்.