உப்பும் சர்க்கரையும் ஒரே கதவில்

வயிற்றுப்போக்கு வந்தவருக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுக்கிறார்களே, ஏன் இரண்டையும் சேர்த்து? விடை நம் குடல் செல்லின் சவ்வில் இருக்கிறது.

செல் சவ்வு என்பது பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு மூலக்கூறுகளின் இரட்டை அடுக்கு. இவற்றின் தலை தண்ணீரை விரும்பும். வால் தண்ணீரைக் கண்டாலே விலகும். அதனால் வால்கள் நடுவில் மறைந்துகொள்ள, தலைகள் இருபுறமும் தண்ணீரைப் பார்த்து நிற்கின்றன. இந்தச் சுவரை உப்போ சர்க்கரையோ தானாகத் தாண்ட முடியாது.

அப்போ உள்ளே போவது எப்படி? சுவரில் புரதங்கள் பதிந்திருக்கின்றன. அதில் ஒன்று, சோடியத்தை ஓயாமல் செல்லுக்கு வெளியே இறைக்கும் பம்ப். சுவர் ஒழுகாததால் உள்ளே சோடியம் குறைந்தே இருக்கும். குடலில் உள்ள சோடியம் உள்ளே வரப் பார்க்கும். அதற்கான கதவு இன்னொரு புரதம். 2 சோடியம் அயனியும் 1 குளுக்கோஸும் சேர்ந்து வந்தால் உள்ளே விடும். பின்னாலேயே தண்ணீரும் போகும். சுவர் ஒழுகினால் பம்ப் வீண். புரதம் இல்லாவிட்டால் சுவர் வெறும் சிறை!

காலரா நச்சு உடம்பின் உப்பையும் நீரையும் வெளியேற்றினாலும் இந்தக் கதவை மூடுவதில்லை. 1971-ல் மேற்கு வங்க அகதி முகாமில் சலைன் பாட்டில்கள் தீர்ந்தபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இக்கரைசலைக் குடிக்கவே கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

ஹாஸ்டல் நண்பர்களே, நினைவிருக்கட்டும்: ஆறவைத்த 1 லிட்டர் தண்ணீர், தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கலக்கிக் கொடுத்துவிட்டு டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.