பழைய இருப்புப்பாதையில் துவிச்சக்கரவண்டிப் பயணம்

களனிவெளிப் புகையிரதப்பாதை அவிசாவளையிலிருந்து 1912இல் இரத்தினபுரிக்கும், 1919இல் ஓப்பநாயக்கவுக்கும் நீட்டப்பெற்றது. இரண்டரை அடி அகலமுடைய அப்பாதை 1976இல் மூடப்பட்டது. இன்று புகையிரதம் அவிசாவளையோடு நின்றுவிடுகின்றது. அப்பால் தண்டவாளம் தாங்கிய மண்மேடு சிற்சில இடங்களில் எஞ்சியுள்ளது.

பாரமிழுக்கும் இயந்திரம் செங்குத்தான ஏற்றம் ஏறாது. ஆதலின் இருப்புப்பாதை மெல்லவே உயரும். பழைய மாணவரும் இளைய மாணவரும் ஒருங்கே செல்லத்தக்க வழி மலைப்பாங்கான நாட்டில் இதுபோல் அரிது. நான்கங்குல அகல டயருள்ள வண்டியில் காற்றைக் குறைவாக நிரப்பினால் சேற்றிலும் புதையாது செல்லலாம். அவ்வண்டியின் விலையோ அதிகம். தை, மாசியில் மழை குறையும்போது சாதாரண வண்டியே போதும்.

இருவர் முன்னரே நடந்து பார்த்து வருதல் வேண்டும். பாலம் இருந்தவிடத்தில் வெறும் ஓடையும், பாதை இருந்தவிடத்தில் ஒரு குடும்பத்தின் முற்றமும் எதிர்ப்படலாம். தோட்டத்தினூடே செல்வதாயின் துரையிடம் அனுமதி பெற்றாற் போதாது. லயத்துப் பெரியவர்களிடமும் சொல்லுதல் தகும். முப்பது பேர் மணியடித்துக்கொண்டு ஒருவர் வாசலைக் கடப்பது மரியாதையன்று. பத்துப் பேருக்கு மேற்படாத குழுவே நன்று. மெல்லச் செல்பவர் முன்னே செல்க. வண்டி திருத்தத் தெரிந்தவர் கடைசியில் வருக. அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் மறவற்க.